கழட்டி மாட்டிய கேரியர்

கல்யாணமான மூன்றாம் நாள்தான் புருஷனுக்கு இன்னொரு பெயர் இருப்பது அவளுக்குத் தெரிந்தது. அடுப்படியிலிருந்து நாத்தனார், "டேய் கழட்டி, குழாயில தண்ணி வரல, என்னடா பண்ணின?" என்று கேட்டாள். வைகிறாளாக்கும் என்று இவள் பதறினாள். வசவு இல்லை, பட்டப்பெயர். ஏழு வயதில் அப்பாவின் சுவர்க்கடிகாரத்தைப் பிரித்தவர். அது இன்னும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் மணி பார்த்துக்கொண்டிருக்கிறது. பிறகு மின்விசிறி, இஸ்திரிப்பெட்டி, சித்தப்பாவின் மூக்குக்கண்ணாடி. பிரிப்பதில் கை சுத்தம். திரும்ப மாட்டுவது மட்டும் நாளைக்கு.

அந்த 'நாளைக்கு'க் கணக்கில்தான் அவளுடைய அக்கா வீடும் கிடந்தது. எட்டு மணி நேரப் பயணம். இருபத்தாறு வருஷமாக அடுத்த மாசம். அக்காவுக்குக் கண் மங்கிக்கொண்டே வந்தது. "முகம் தெரியும்போதே ஒரு தடவை வந்துட்டுப் போடி" என்று போனில் சொல்லியிருந்தாள்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற கையோடு, தொலைதூரம் போகிற பெரிய மோட்டார் சைக்கிள் ஒன்றை அவர் வாங்கி வந்தார். உன் அக்கா வீட்டுக்கு இதில்தான் என்றார். இவளும் நம்பித் தொலைத்தாள்.

பெட்டி வைக்கக் கேரியர் வேண்டாமா என்று அடுத்து ஆரம்பித்தார். வேண்டும்போது மாட்டி, வேண்டாதபோது கழற்றுகிற கேரியராம். கையால் திருகும் இரண்டு குமிழ்தான், ஒரு நிமிஷ வேலை என்று கடைக்காரர் சொல்லி அனுப்பினார். கழட்டிக்கு அது மூன்று ஞாயிற்றுக்கிழமை. முதல் வாரம் இடது பட்டையை வலது பக்கம் வைத்துவிட்டு, செய்தவனுக்கு அறிவில்லை என்றார். இரண்டாம் வாரம் சரியான பக்கம் வைத்து, தனக்கு அறிவு இருக்கிறது என்றார். மூன்றாம் வாரம் குமிழ் மேல் சந்தேகம். ஓடுகிற வண்டியில் கழன்றுவிட்டால்? குமிழைத் தூக்கிப் போட்டுவிட்டு இரண்டு பெரிய போல்ட்டை மாட்டி, ஸ்பேனர்மேல் காலை ஊன்றி முறுக்கினார். பிறந்ததிலிருந்து அவர் இறுக்கிய முதல் சாமான் அதுதான்.

மறுநாள் காலை அவள் தலைவாரிக் கிளம்பி, பெட்டியைக் கொடுத்தாள். அவர் அதைக் கேரியரில் வைத்து வார் கட்டி, ஆட்டிப் பார்த்தார். பெட்டி அசையவில்லை. வண்டிதான் ஆடியது.

அவள் ஒரு சுற்றுச் சுற்றி வந்தாள். பின் இருக்கைக்கு மேலேயே கேரியர் உட்கார்ந்திருந்தது.

"பெட்டி உக்காந்துடுச்சு. நான் எங்கங்க உக்கார்றது?"

கேரியரோடு வந்த காகிதத்தை அவர் பிரித்தார். பின்னால் ஆள் ஏறினால் கேரியரைக் கழற்றிவிடவும் என்று முதல் வரியிலேயே போட்டிருந்தது. அதற்கென்ன, இதோ என்று ஸ்பேனரைப் போட்டார். போல்ட்டின் தலை தேய்ந்து வழுக்கியது. எண்ணெய் விட்டார். சுத்தியலால் தட்டினார். வெயில் ஏறியது.

"வீட்டுல ஒண்ணு விடாம கழட்டினீங்க. நான் கேட்டு ஒண்ணு கழட்ட முடியல" என்றாள். வாரை அவிழ்த்துப் பெட்டியை எடுத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு நடந்தாள்.

அக்கா வாசலிலேயே, "என்னடி இப்படி நரைச்சுட்ட?" என்றாள். கண் தெரிகிறது என்று இவளுக்கு உயிர் வந்தது.

கழட்டி இப்போது அந்த வண்டியில் தனியாகக் கடைத்தெருவுக்குப் போய், கேரியரில் வெங்காயம் கட்டிக்கொண்டு வருகிறார். அவள் இன்னும் அக்கா வீட்டில்தான் இருக்கிறாள்.