தேயிலைச் சாயத்தில் ஒரு முகம்

வீட்டில் கிடக்கும் பொருட்களைக் கொண்டு ஒரு பாவைப்பிள்ளை செய்து வரும்படி மகளின் வகுப்பில் சொல்லியிருந்தார்கள். அவளுக்கு அப்போது ஆறு வயது. இத்தாலியில் நாங்கள் இருக்கும் போர்கோ வெக்கியோ தெருக்களில் அவித்த சோளம் விற்பவரிடம், அவர் உரித்து எறிந்த தோல்களைக் கேட்டு வாங்கி வந்தேன். தேயிலைச் சாயத்தில் ஊறப்போட்டு, ஈரத்தோடு மடித்து நூலால் கட்டினோம். கண்ணுக்கு இரண்டு மிளகு. தலைமயிருக்குக் கறுப்புக் காலுறையைப் பிரித்தெடுத்த நூல். கணவர் உடுத்திப் பழசான சாரத்துணியில் ஒரு சட்டை.

கொடுத்தனுப்பிய மூன்றாம் நாள், பெயர் எழுதி ஒட்டிவரச் சொல்லிப் பாவைப்பிள்ளையைத் திருப்பி அனுப்பியிருந்தார்கள். முகம் முழுக்க ரோஸ் நிறப் பூச்சு.

"ஆர் பூசினது?"

"மாயெஸ்த்ரா. இப்பதான் பெல்லாவாம், அம்மா."

இப்போதுதான் அழகு என்று ஆசிரியை சொன்னதைச் சொல்லிவிட்டுத் தன் கன்னத்தைத் தடவிப் பார்த்தாள்.

கணவர் சொன்னார்: "விடுமப்பா. ஒரு பாவைப்பிள்ளைக்குப் போய்ச் சண்டை பிடிக்கிறதோ? பிள்ளை அங்கை படிக்க வேணுமெல்லே."

"படிக்கத்தான் அனுப்பினனான். இதைப் படிக்க இல்லை."

பூச்சு கழுவப் போகவில்லை. தலையை வெட்டியெடுத்துப் புதிதாகக் கட்டினோம். மகள் சோளத்தோலைத் தன் கையோடு வைத்துப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் கறுப்பு" என்றாள். இரண்டாம் முறையும் சாயத்தில் போட்டேன்.

அடுத்த நாள், வேலை செய்யும் வீட்டு சிஞ்ஞோராவிடம் தாமதமாக வருவேன் என்று சொல்லிவிட்டுப் பள்ளிக்கூடம் போனேன். என் இத்தாலிய மொழி வீடு துடைத்துக் கற்றது. அதிலேயே கேட்டேன்.

"என் மகளின் பொம்மைக்கு ஏன் நிறம் பூசினீர்கள்?"

"நிறம் தீட்டாமல் விட்டிருந்தீர்கள். உதவி செய்தேன்."

"தீட்டித்தான் அனுப்பினோம். இதுதான் நிறம்."

நல்ல எண்ணத்தில்தான் செய்தேன் என்றார். நான் போகாமல், புதுத் தலை கட்டிய பாவைப்பிள்ளையை நீட்டியபடி நின்றேன். வாசலில் மற்றத் தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். கடைசியில் அவர் பாவைப்பிள்ளையை என் கையிலிருந்து வாங்கி, மற்றப் பிள்ளைகளின் பொம்மைகள் இருந்த தட்டின் ஓரத்தில் வைத்தார். நான் எட்டி அதை நடுவுக்குத் தள்ளி வைத்துவிட்டுத்தான் வெளியே வந்தேன்.

அதற்குப் பிறகு அந்த ஆசிரியை என்னைப் பார்த்துச் சிரிப்பதில்லை. பள்ளி விடும் நேரத்தில் முன்பெல்லாம் தாய்மாருக்குப் பின்னால், சுவரோரமாக நிற்பேன். இப்போது கேற்றுக்கு முன்னாலேயே நிற்கிறேன்.