பஹ்மிதா சொல்லிப் பார்க்கும் சொற்கள்

“ஒத்திவை... ஒத்திவை...” என்று சொல்லிக்கொண்டே இறால் உரிக்கிறாள் பஹ்மிதா. சொல்லும்போது தலை ஒரு பக்கம் சாய்கிறது.

“ஆரோட கதைக்கீங்க, மதினி?” கணவனின் தங்கை நிஹ்லா அடுப்படி வாசலில் நின்று கேட்கிறாள்.

“கம்பியூட்டரோடதான். அதுக்கு இன்னும் தமிழ் சரியா வாயில வருகுதில்ல.”

கல்முனைக்குடியில் வீட்டின் முன்னறைதான் அவளுடைய கணினி திருத்தும் கடை. பழைய கணினிகளில் இலவச இயங்குதளம் ஒன்றைப் போட்டு, மேலே தமிழ் மொழிப்பொதியை ஏற்றிக் கொடுப்பாள். எங்கெங்கோ இருக்கும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்த பொதி அது. விடுபட்ட வரிகளுக்கு அவளும் சொல் தேடி, வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து, நிரப்பி அனுப்புவாள். மொழி மாறுகையில் திரை ஒருமுறை இருண்டு, பிறகு ஓரங்களில் தமிழ் தெளியும். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அவளுக்குக் கேட்காது. கண்கள் எங்கோ கடலுக்குள் போய்விட்டவை போலிருக்கும்.

அந்த மயக்கத்தைக் கலைத்தவர் பக்கத்து ஊரான பாண்டிருப்பின் சாரதாதேவி. கருவாட்டுப் பொதிகளுக்கு லேபல் அச்சிட்டு விற்பவர். தமிழ் ஏற்றி வாங்கிப்போன கணினியை ஒருநாள் ஆட்டோவில் திருப்பிக் கொண்டுவந்தார்.

“தமிழக் கழட்டி விடுங்க புள்ள. எனக்கு இங்கிலீசே போதும்.”

“இங்கிலீசு விளங்குதில்ல எண்டுதானேக்கா மாத்தின?”

“விளங்காட்டிப் பயமில்ல. இது விளங்குதே.”

லேபல் அச்சிடும்போது கணினி சிக்கிக்கொண்டதாம். திரையில் ஒரு பெட்டி வந்ததாம். பஹ்மிதா அதை மறுபடி வரவழைத்துப் பார்த்தாள்: ‘தாய் பதிலளிக்கவில்லை. பிள்ளையைக் கொல்லவா?’ கீழே ‘ஆம்’, ‘இல்லை’.

ஒரு செயலி இன்னொன்றைத் தொடங்கிவைத்தால், ஆங்கிலத்தில் முதலாவதைப் பெற்றோர் என்றும் மற்றதைப் பிள்ளை என்றும், அதை நிறுத்துவதைக் கொல்வது என்றும் சொல்வார்கள். யாரோ அதைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கியிருந்தார்கள்.

“இருந்த ஒரு பிள்ளையக் கடல் கொண்டு போச்சு,” என்றார் சாரதாதேவி. “இப்ப இது வந்து என்னட்ட ஓமா, இல்லையா எண்டு கேக்குது.”

பஹ்மிதா தமிழைக் கழற்றிக் கொடுத்தாள்.

அதன் பிறகு அவள் சோறு ஆக்கும்போதும் கடற்கரையில் நடக்கும்போதும் உதடுகள் அசைந்துகொண்டே இருந்தன. ‘அணைக்கவா’ என்று சொல்லிப் பார்த்தாள். அந்தச் சொல் பிள்ளையை மார்போடு சேர்த்துக்கொண்டது. அலை வந்து காலை நனைத்தபோதுதான் அது இயந்திரத்துக்கு ஆகாது என்று பட்டது. கடைசியில் தாயும் வேண்டாம், பிள்ளையும் வேண்டாம் என்று முடிவு செய்து, திருத்தத்தை மொழிபெயர்ப்புக் குழுவுக்கு அனுப்பினாள்.

குழுவைப் பார்த்துக்கொள்பவர், தொழில்நுட்பச் சொல்லை ஒருவருக்காக மாற்ற முடியாது என்று பதில் போட்டார். பஹ்மிதா இரண்டு வரி எழுதினாள்: “உங்கள் வீட்டில் ஒரு தாய் இருந்தால் இதை வாசித்துக் காட்டுங்கள். அவர் முகத்தைப் பார்த்துவிட்டு எனக்குச் சொல்லுங்கள்.”

பல நாள் பதிலில்லை. பிறகு வந்தது: “என் மனைவிக்கு வாசித்தேன். எல்லா இடத்திலும் மாற்றிவிட்டோம்.”

புதிய மொழிப்பொதி வந்ததும் பஹ்மிதாவே பாண்டிருப்புக்குப் போனாள். சாரதாதேவி அரைமனதோடுதான் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார். தமிழை ஏற்றி, வேண்டுமென்றே கணினியைச் சிக்கவைத்தாள். பெட்டி வந்தது. சாரதாதேவி திரையில் விரலை வைத்து எழுத்தெழுத்தாக வாசித்தார்.

“முதற்செயல்... பதிலளிக்கவில்லை. கிளைச்செயலை... நிறுத்தவா?”

விரலைத் திரையிலிருந்து எடுத்துச் சுட்டியைப் பிடித்தார்.

“ஓம், நிப்பாட்டு,” என்று கணினியிடமே சொல்லி ‘ஆம்’ என்பதை அழுத்தினார். “இருங்க புள்ள, தேத்தண்ணி ஊத்திக்கிட்டு வாறன்.”

வேலை முடிந்தால் திரையைத் துடைத்துக் கொடுப்பது பஹ்மிதாவின் வழக்கம். பையிலிருந்து துணியை எடுத்தாள். கண்ணாடியில் அந்த வரி இருந்த இடம் நெடுக, கருவாட்டு எண்ணெய் படிந்த விரல் தடம் மங்கலாகத் தெரிந்தது. துடைக்காமலே துணியை மடித்துப் பைக்குள் வைத்தாள்.