தீபத்தன்று மாடியில் யார் ஏறலாம்?

வீட்டைச் சோதிக்க அழைப்பவர்கள் சோதனையை விரும்புவதில்லை, ‘நன்றாயிருக்கிறது’ என்ற சொல்லையே விரும்புகிறார்கள் என்பதைக் கட்டடப் பொறியாளர்களாகிய நீங்களும் அறிவீர்கள். எங்கள் திருவண்ணாமலையில் கார்த்திகை நெருங்கினால் இவ்விருப்பம் முற்றும். மலையுச்சித் தீபத்தைக் காண ஊரே மாடியேறும்.

கனத்த சுவர்

கோயிலுக்கு அருகில் தணிகாசலத்தின் வீடு, பாட்டனார் கட்டியது. சுண்ணாம்புக் காரைச் சுவர், தேக்கு உத்தரம், மேலே செங்கல் பாவிய மாடி. தீபத்தன்று உறவினர் அனைவரும் அங்கே ஏறுவது வழக்கம். சோதிக்க என்னை அழைத்த தணிகாசலம் சுவரைத் தட்டிக் காட்டிப் பெருமைப்பட்டார். சுவர் பாரம் தாங்கும்; ஆனால் நான்கு சுவர்களையும் பிணைக்கும் கான்கிரீட் பட்டை இல்லை, இக்கால விதி அதைக் கேட்கிறது என்றேன். மாடியும் வடாம் காயவைக்கக் கட்டப்பட்டதே தவிர, கூட்டம் நிற்பதற்கு அன்று. அவர் சொன்னார்: “எங்க சொந்தக்காரங்களுக்கு வடாமே தேவலைங்க மேடம், அதுவாவது காஞ்சதும் எறங்கிடும்.”

எதிர்வீடு

எதிரே பாஸ்கரனின் புதுவீடு. தூண், உத்தரம், கம்பி அனைத்தும் விதிப்படி. குறை சொல்ல முயன்றும் முடியவில்லை. ஆனால் சுவர் மெல்லியது, காற்று குறுக்கே போக வழியில்லை. மதிய உணவு முடிந்ததும் அவர் தணிகாசலத்தின் கூடத்தில் வந்து படுத்துவிடுவார். காரணம் கேட்டேன். “வூடு ஸ்ட்ராங்குதாங்க, நான்தான் உள்ள வெந்துடறேன்.”

திருப்புளி

பழைய வீட்டு உத்தரம் சுவருக்குள் நுழையும் இடத்தில் திருப்புளியை அழுத்தினேன். பிடிவரை உள்ளே போயிற்று. மழைநீரும் கரையானும் சேர்ந்து தின்றிருந்தன. மரத்தை மாற்றும்வரை ஒருவரும் ஏறக்கூடாது என்று மாடிக் கதவைப் பூட்டச் செய்தேன்.

தணிகாசலத்தின் முகம் வாடிற்று. அவருடைய தாயார் மணமாகி வந்தது முதல் அம்மாடியில்தான் தீபம் பார்க்கிறார். தெருக்கூட்டத்தில் நிற்க இனி அவரால் இயலாது. சொல்லும் துணிவு மகனுக்கு இல்லை, நானே சொன்னேன். பூனையைக்கூட அதன்மேல் அனுப்பமாட்டேன் என்றேன். அம்மையார் என்னை ஏற இறங்கப் பார்த்தார். “பூனைக்கு இன்னாம்மா, அடுத்த வருஷமும் இருக்கும். நான் இருப்பனா?”

நாற்காலி

தீபத்தன்று பாஸ்கரன் தணிகாசலத்தின் வாசலில் போய் நின்றார். “தெனம் உங்க வூட்லதான தூங்கறேன், ஒரு நாள் எங்க மாடிக்கு வாங்க பெரியம்மா” என்றவர், பிளாஸ்டிக் நாற்காலியோடு அம்மையாரைத் தூக்கிவந்து தம் மாடியில் அமர்த்தினார். சுடர் எழுந்தது; அரோகரா முழக்கம் தெருவை நிறைத்தது. கைகூப்பி முடித்த அம்மையார் திரும்பித் தம் இருண்ட மாடியைப் பார்த்தார்; பின் அருகில் நின்ற என்னிடம் கேட்டார். “நம்ம மாடில மட்டும் வெளக்கு இல்ல. ஒரே ஒரு அகல் வெச்சா இடிஞ்சிடுமா, இன்ஜினீயரம்மா?”

அகலின் எடையை எந்த மாடியும் தாங்கும், ஏற்றிவைப்பவரின் எடைக்குத்தான் விதி. ஆகவே அவ்வாண்டு அவ்வீட்டு விளக்கு வாசற்படியிலும், மாடிச் சாவி என் கைப்பையிலும் இருந்தன.