டாங்கியின் தலையைத் திருப்பிய கை

என் அன்புப் பிள்ளைகளே, பெரியப்பாவின் முதலாம் ஆண்டு நினைவுக்கு வருகிற எல்லோருடைய கையிலும் இந்த நினைவு மலர்ப் புத்தகம் இருக்கும். ஆனாலும் உங்கள் இருவரையும் நினைத்துத்தான் இதை எழுதுகிறேன். எங்கள் கூடத்தில் ஆட்டுக்குட்டி அளவில் ஒரு பொம்மை யுத்த டாங்கி ஏன் நிற்கிறது என்று எத்தனையோ தரம் கேட்டிருக்கிறீர்கள். பெரியப்பாவின் கதையைச் சொன்னால்தான் அதற்குப் பதில் சொல்ல முடியும்.

என் அண்ணை சாவகச்சேரியில் பிறந்தார். படிப்பை இடையில் விட்டு, கிளிநொச்சிக்குப் போய் உழவு இயந்திரம் ஓட்டினார். கலியாணம் செய்யவில்லை. என்னைப் பிரான்சுக்கு அனுப்பிவைத்தவரும் அவர்தான். 2009இல் எல்லாம் முடிந்து, முகாமில் இருந்து வெளியே வந்து, சில வருடங்களின் பின் எங்களிடம் வந்து சேர்ந்தார். பாரிஸ் லா சப்பலில் ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவினார். பசியோடு கடை வாசலுக்கு வந்த எவரையும் வெறுங்கையோடு அனுப்பமாட்டார்.

அப்படிப்பட்ட மனிதர் ஒருநாள் பெரிய பெட்டி ஒன்றைச் சுமந்துகொண்டு மார்க்ஸ் டோர்மோய் தெருவில் எங்கள் வீட்டுப் படியேறி வந்தார். உள்ளே, ரிமோட்டில் ஓடும் டாங்கியின் பாகங்கள். உங்கள் அம்மாவுக்கு வந்ததே கோபம்!

"அத்தான், இதுகளுக்குப் பயந்துதானே இஞ்சை ஓடி வந்தனாங்கள். வீட்டுக்குள்ளையும் ஒண்டோ?"

"இது சுடாது பிள்ளை. நீ கத்துறதுதான் பயமாக் கிடக்கு."

பூட்டி முடித்த பிறகு, அது ஓடுவதில் அண்ணைக்கு அக்கறையே இருக்கவில்லை. பீரங்கிக் குழாய் நீட்டிக்கொண்டிருக்கும் மேல்தலை திரும்புவதையே பார்த்துக்கொண்டிருந்தார். ரிமோட்டின் பிடியைத் தள்ளினால் தலை திரும்பும். பிடியை விட்டால் தானாகவே முன்பக்கத்துக்கு வந்துவிடும். அதைக் கண்டதும் அவருடைய முகம் வாடிவிட்டது. என்ன பிரச்சினை என்று கேட்டேன். அப்போதுதான் சொன்னார்.

வன்னியில், கடைசி நாட்களில், பதுங்குகுழியை விட்டுத் தண்ணீர் எடுக்கத் தனியே வெளியே போயிருக்கிறார். பனைகளுக்கு அப்பால் நின்ற டாங்கியின் தலை அவர் பக்கம் திரும்பியது. குழாய் அவருக்கு நேரே வந்து நின்றது. அவர் ஓடவும் இல்லை, தண்ணீர்க் கானைக் கீழே வைக்கவும் இல்லை. சற்று நேரத்தில் தலை மெல்ல வேறு பக்கம் திரும்பிவிட்டது.

"தானாத் திரும்பினதோ, ஆரும் திருப்பினதோ? அதைத்தான் தம்பி நான் அறியோணும்."

பிறகு உள்ளே இருந்த மோட்டாரைக் கழற்றி வேறொன்றை மாட்டினார். இப்போது பிடியை விட்டாலும் தலை முன்பக்கம் வரவில்லை. ஆனால் நில்லாமல் மெதுவாக ஊர்ந்தது. சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு நாங்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது உங்கள் அம்மா கத்தினாள்:

"அத்தான், உங்கடை சாமான் என்ரை சோத்துக் கோப்பையைப் பாக்குது!"

"பசிக்குதாக்கும். ஒரு பிடி வை."

ரிமோட்டில் இருந்த சின்னக் குமிழை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிப் பார்த்து, திருகாணி போன்ற ஒரு பல்சக்கரத்தையும் பூட்டிய பிறகு, விட்ட இடத்திலேயே தலை நின்றது.

"பொம்மையும் அதுவும் ஒண்டில்லை அண்ணை" என்றேன்.

"ஓம், தெரியும். ஆனா தன்பாட்டிலை ஊருற தலையாலை ஆரும் குறி பாக்கேலுமோ? செய்தவன் அதை நிக்கத்தான் செய்திருப்பான். அப்ப உள்ளுக்கை இருந்தவன்தான்..."

பிடியைத் தள்ளுவார், விடுவார், பார்த்துக்கொண்டிருப்பார். ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தபோதும் ஒருநாள் கண்ணைத் திறந்து என்னைக் கேட்டார்: "அவனுக்கு இப்ப என்ன வயசிருக்கும், தம்பி?"

அண்ணையைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட தாதிமாருக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த கடை நண்பர்களுக்கும், இறுதிக் காரியங்களைத் தங்கள் வீட்டுக் காரியமாக எடுத்துச் செய்த ஆர்ஜொந்தெயில் இருக்கும் உறவினர்களுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். இன்னும் ஒருவர் இருக்கலாம். அவர் யாரென்று தெரியாது, அப்படி ஒருவர் இருந்தாரா என்பதும் தெரியாது. இருந்திருந்தால், அண்ணையை இத்தனை வருடம் எங்களுக்குத் தந்ததற்காக அவருக்கும் எங்கள் நன்றி.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுநாள் காலை, நீங்கள் பள்ளிக்கூடம் போயிருந்தீர்கள், அம்மா வேலைக்குப் போயிருந்தாள். அண்ணையின் படத்துக்கு விளக்கேற்ற வந்தேன். ஆட்கள் வந்துபோன நெரிசலில் டாங்கி இடம் மாறி, குழாய் நேரே படத்தைப் பார்த்தபடி நின்றது. கையால் தூக்கி வைத்திருக்கலாம். நான் ரிமோட்டை எடுத்தேன். பிடியை மெல்லத் தள்ளி, தலையை யன்னல் பக்கம் திருப்பிவிட்டு, கையை எடுத்தேன். அது அங்கேயே நின்றது.