மை போடாத மூன்றாம் தொட்டில்

போன மாதம் திருநகரில் ஒரு பெரிய மனிதர் வீட்டு ஊஞ்சலிலிருந்து நான் குதித்து ஓடியதை என் குடும்பத்தில் இன்னும் யாரும் மன்னிக்கவில்லை. அக்காள் மகளுக்கு மாப்பிள்ளை பார்க்கப் போயிருந்தோம். பையனின் தகப்பனார் மரியாதையாக என்னைத் தம் பக்கத்தில் ஊஞ்சலில் உட்கார வைத்தார். மேலே கொக்கி "கீச்... கீச்..." என்று சொல்லிக்கொண்டிருந்த வரைக்கும் நானும் கனவானாகத்தான் இருந்தேன். ஊஞ்சல் ஆடிக்கொண்டிருக்கும்போதே அந்தச் சத்தம் சட்டென்று நின்றது. அவ்வளவுதான். "ஆத்தி!" என்று அலறிக்கொண்டு, ஐம்பதைத் தாண்டிய இந்த உடம்பு, காப்பித் தட்டோடு வந்த அம்மாளை இடித்துத் தள்ளிவிட்டு வாசலில் போய் நின்றது. செருப்பை மட்டும் மறக்காமல் எடுத்துக்கொண்டிருக்கிறேன்.

கீச்சிடும் சத்தம் கேட்டுப் பயப்படுகிறவர்கள் உலகத்தில் நிறைய உண்டு. அது நின்றுபோனால் பயப்படுகிறவன் எனக்குத் தெரிந்து நான் ஒருவன்தான். அந்தப் பயம் எனக்கு யுத்த காலத்தில் வந்தது.

எங்கள் அய்யாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) பரவைக்கு மேற்கே கொஞ்சம் நிலம் இருந்தது. அறுப்பு முடிந்து நிலம் சும்மா கிடக்கும் மாதங்களில் அவர் பக்கத்து ஊர்த் திருவிழாக்களுக்கு ராட்டினம் கொண்டுபோவார். இரண்டு உயரமான மரத்தூண்கள், நடுவே பழைய வண்டி அச்சு, அதில் சுற்றும் கருவேலச் சட்டங்கள், சட்டங்களின் நுனியில் நான்கு தொட்டில்கள். ஒவ்வொரு தொட்டிலும் ஒரு தடித்த இரும்பு ஆணியில் தொங்கும். சக்கரம் சுற்றச் சுற்ற, தொட்டில் அந்த ஆணியில் வழுக்கிக்கொண்டே போய் எப்போதும் நேராகத் தொங்கும். அய்யாவும் சித்தப்பாவும் இரண்டு பக்கமும் நின்று கையால் தள்ளுவார்கள். எனக்கும் அதில் ஒரு உத்தியோகம் இருந்தது: எடை. ஒரு தொட்டிலில் கனத்த ஆட்கள் ஏறி, எதிர்த் தொட்டில் லேசாக இருந்தால் சக்கரம் ஒரு பக்கமாக இழுக்கும். அப்போது லேசான தொட்டிலில் என்னைத் தூக்கிப் போடுவார்கள். பத்து வயசில் அந்த வேலைக்கு என்னைவிடத் தகுதியான பையன் எங்கள் சுற்று வட்டாரத்தில் இல்லை. உயரம் என்றால் எனக்குப் பயம் என்பதை யாரும் ஒரு குறையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ராட்டினத்துக்கு எப்போதும் ஒரு தலைவலி இருந்தது. வண்டிச் சக்கரத்துக்குப் போடும் மை, அதாவது வைக்கோல் கரியை விளக்கெண்ணெயில் குழைத்த அந்தக் கறுப்புக் குழம்பு, பங்குனி வெயிலில் தண்ணீராக இளகி, மேல் தொட்டில் ஆணியிலிருந்து கீழ்த் தொட்டிலில் இருப்பவர்களின் திருவிழாச் சேலையில் சொட்டும். வருஷத்துக்கு ஒரு முறை எடுத்த சேலை. அதனால் ஒவ்வொரு ஊரிலும் ஒரு சண்டை. மில்லுக்குப் போகும் "டப்பா கிரீஸ்" இருந்தால் சொட்டாது என்று அய்யாவுக்குத் தெரியும். ஆனால் சிம்மக்கல் கடைகளில் கேட்டால், யுத்தம் முடியட்டும் என்று கையை விரித்தார்கள்.

கடைசியில் அம்மா "கட்டி மை" காய்ச்சினாள். யாரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டாள் என்று எனக்குத் தெரியாது. கேட்டபோதெல்லாம் வேறு வேறு ஆளைச் சொன்னாள். வீட்டுக்குப் பின்னால் வாய் உடைந்த இரும்புச் சட்டியை ஏற்றி, கறிக்கடையிலிருந்து வந்த ஆட்டுக் கொழுப்பை உருக்கி, பழைய வேட்டியில் வடிகட்டி, அதோடு விளக்கெண்ணெயைச் சேர்த்துக் காய்ச்சி, பாலாகக் கரைத்த சுண்ணாம்பைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றிக்கொண்டே பனை மட்டையால் கிண்டுவாள். அந்த நாற்றத்தை இப்போது நினைத்தாலும் மூக்கு தானாகச் சுருங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரி சுவருக்கு மேலே தலையை நீட்டி, "ஏத்தா, கறிக்குழம்பா, கருமாதியா?" என்று கேட்டாள். "ரெண்டும் ஒனக்குத்தான், தூக்குவாளியக் கொண்டா" என்றாள் அம்மா, கிண்டுவதை நிறுத்தாமல். நிறுத்த முடியாது. தீ கூடினால் திரிந்த பால் மாதிரி எண்ணெய் தனியே பிரிந்துவிடும், குறைந்தால் இறுகாது. மட்டையைத் தூக்கினால் சொட்டாமல் நாக்கு மாதிரி தொங்கி நிற்க வேண்டும். அதுதான் இறக்குகிற பதம்.

மண் மட்டும் விழவே கூடாது. ஒரு மணல் விழுந்தால் அது ஆணியை அரித்துவிடும் என்பாள். கரைப்பதற்கு முன்னால் சுண்ணாம்பையும், கறுப்புக்குச் சேர்க்கும் கரியையும் துணியில் சலித்த பிறகு, ஒரு சிட்டிகை எடுத்து இரண்டு நகத்துக்கு நடுவில் தேய்த்து, நறநறக்கிறதா என்று பார்ப்பது என் வேலை. நான் ஒவ்வொரு தடவையும் நறநறக்கிறது என்றேன். மறுபடி சலிப்பாள், மறுபடியும் நறநறக்கிறது என்பேன். "அடேய், அது மையில இல்ல, ஒன் பல்லு ஆடுற சத்தம்" என்று சலித்ததைக் கரைக்கப் போய்விட்டாள். பயம் எனக்குக் காதிலேயே இருந்திருக்கிறது.

காய்ச்சியதை மூங்கில் குழாய்களில் ஊற்றி, ஈர மணலில் ஆறவைத்து, உலக்கைப் பூண் அளவுக்கு வெட்டிய கட்டையால் பின்னாலிருந்து தள்ளினால், கரும்புத் துண்டு மாதிரி வழவழப்பாக வெளியே வரும். வாழைச் சருகில் சுற்றி, நுனியை மட்டும் உரித்துவிட்டு, கையில் கறை படாமல் ஆணியில் தேய்க்கலாம். ஒரு துண்டை உச்சி வெயிலில் ஓட்டின் மேல் வைத்து, நாங்கள் குடும்பத்தோடு நின்று பார்த்தோம். நாங்கள்தான் வேர்த்தோமே தவிர, அது வேர்க்கவில்லை. அய்யா அம்மாவை ஒரு தரம் பார்த்தார். அவர் யாரையும் பாராட்டியது அவ்வளவுதான்.

அந்தப் பங்குனியில் ஒரு ஊர் அம்மன் கோயில் பொங்கலுக்கு ராட்டினம் போட்டோம். "ஏறுங்க, ஏறுங்க! சேலையில சொட்டாத ராட்டினம்! பட்டுக் கட்டியிருந்தாலும் பயமில்ல!" என்று சித்தப்பா தொண்டை கிழியக் கூவினார். ராட்டினம் சத்தமே இல்லாமல் சுற்றியது. மேகம் நகருகிற மாதிரி இருந்தது. பார்த்துப் பூரித்து நின்றோம், நாங்கள் மட்டும். சனமெல்லாம் தெற்குப் பக்கம் வேறு ஒருவர் போட்டிருந்த ராட்டினத்தில் மொய்த்தது. அது எண்ணெயைக் கண்டு எத்தனை நாளோ, கழுதை மாதிரி கத்தியது. எங்கள் முன்னால் நின்ற ஒரு இளவட்டம் கூட்டாளியிடம் சொன்னான்: "மாப்ள, இது ஓடுதா நிக்குதான்னே தெரியல. அங்கிட்டுப் பாரு, எம்புட்டுச் சத்தம்! அதுல ஏறுனாத்தான் ஏறுன மாதிரி இருக்கும், வா."

மறுநாள் காலையில் அய்யா நான்கு ஆணிகளையும் துடைத்தார். மூன்றுக்குக் கட்டி மையைத் தேய்த்தார். மூன்றாம் தொட்டிலின் ஆணியை மட்டும் சாம்பல் போட்டு, மை வாடையே இல்லாமல் தேய்த்துக் காயவிட்டார்.

அம்மா பார்த்துவிட்டாள். "என்னா செய்யிறீக?"

"ஒண்ணு கத்தட்டும். கத்துனாத்தான் வாராய்ங்க."

"காஞ்ச இரும்பு ஒண்ணையொண்ணு கடிச்சுப் பிடிச்சிக்கிருமுங்க. ஆளு ஏறுற தொட்டிலு, வெளையாட்டா?"

சித்தப்பா இடையில் புகுந்தார். "மதினி, ரெண்டு நாத் திருவிழா. அதுக்குள்ள இரும்பு என்னா ஆகிரப் போகுது? அண்ணே, நீங்க மாட்டுங்க."

அம்மா மையும் கையுமாகப் போய்த் தள்ளி உட்கார்ந்துகொண்டாள். அய்யா என் பக்கம் திரும்பி, "வெளியில மூச்சு விடக் கூடாது" என்றார். நான் அந்த நிமிஷமே மூச்சை நிறுத்தியவன், இன்னும் சரியாக விடவில்லை.

கூட்டம் வந்தது. மூன்றாம் தொட்டில் மேலே ஏறும்போது "கீ...ச்" என்று இழுத்து, உச்சியைத் தாண்டும்போது ஒரு தரம் முனகி, இறங்கும்போது மறுபடி கத்தியது. பிள்ளைகள் அதோடு சேர்ந்து கத்தின. அய்யா முகத்தில் வெளிச்சம். எனக்கோ, எடைக்கு ஆள் குறைகிறபோதெல்லாம் அந்த மூன்றாம் தொட்டிலே வாய்த்தது. ஒரு தடவை இறங்கியதும் அம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவள் குரலைத் தாழ்த்தி, "கத்துற வரைக்கும் கவலையில்லடா. தொட்டிலு ஆணியில திரும்புது, அதான் கத்துது. கத்தாம இருந்தாத்தான்..." என்று சொல்லிவிட்டு, மீதியை விழுங்கிக்கொண்டாள். பத்து வயசுப் பையனுக்கு அந்த மீதி போதாதா? அதற்குப் பிறகு ஒவ்வொரு சுற்றிலும் கண்ணை மூடிக்கொண்டு அந்தக் கீச்சுக்காகக் காத்திருந்தேன். கேட்டதும் அப்பாடா என்று இருக்கும். அடுத்த விநாடியே, அடுத்த கீச்சு வருமா என்று மறுபடி கண்ணை இறுக்குவேன்.

வெயில் சாயும் நேரம், மஞ்சள் சேலை கட்டிய ஒரு அக்கா, இடுப்பில் பெண்குழந்தையோடு வந்தாள். சிம்மக்கல்லில் வாழ்க்கைப்பட்டவள், பொங்கலுக்குத் தாய் வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்று சித்தப்பாவிடம் அவளே சொன்னாள். "சேலையில ஒட்டாதுல்ல?" என்று அய்யாவிடம் கேட்டாள். "ஒரு பொட்டு ஒட்டாது தாயி" என்றார். எதிர்த் தொட்டிலில் நான்கு தடியர்கள். ஆகவே அந்த அக்காவோடு மூன்றாம் தொட்டிலில் நான். உட்கார்ந்ததும் அவள் என்னைப் பார்த்து, "இது ஏன் தம்பி இந்தக் கத்துக் கத்துது?" என்று சிரித்தாள். அய்யா பார்த்துக்கொண்டிருந்தார். நான் வானத்தைப் பார்த்தேன்.

முதல் சுற்று கத்தியது. இரண்டாவது சுற்றும் கத்தியது. மூன்றாவது சுற்றில் கீழிருந்து கிளம்பினோம், "கீ..." என்று ஆரம்பித்தது, பாதியில் நின்றது.

சத்தம் இல்லை. தொட்டில் மேலே போய்க்கொண்டிருந்தது, நேராக அல்ல. ஆணி இறுகிப் பிடித்துக்கொண்டதால் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டு, ஏற ஏறப் பக்கவாட்டில் சாய்ந்தது. அக்காவின் காலடியிலிருந்து பலகை விலகியது. குழந்தை சறுக்கியது. அவள் ஒரு கையால் மேல் கம்பியையும் மறு கையால் குழந்தையின் பாவாடையையும் பிடித்தாள். நான் இரண்டு கையாலும் கம்பியைக் கட்டிக்கொண்டேன். குழந்தையை அல்ல, கம்பியை. பிறகு, மூச்சு விடக் கூடாது என்று சொல்லப்பட்ட அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்தது:

"அய்யா! இந்த ஆணிக்கு மை போடலையே! கத்தட்டும்னு வேணும்னுதானே விட்டீக! பிடிச்சிக்கிருச்சுய்யா!"

திருவிழா முழுக்கக் கேட்டிருக்கும். கீழே ஆளாளுக்கு "நிறுத்து, நிறுத்து!" என்று கத்தினார்கள். நிறுத்தினால் நாங்கள் சாய்ந்தபடியே தொங்குவோம். "நிறுத்தாதீக! பின்னாடி தள்ளுங்க, வந்த வழியே தள்ளுங்க!" என்று அம்மாவின் குரல் தனியாகக் கேட்டது. அய்யா சட்டத்தில் நெஞ்சைக் கொடுத்துத் தாங்கினார். சக்கரம் ஒரு கணம் யோசித்தது. பிறகு முனகிக்கொண்டு பின்னோக்கித் திரும்பியது. சாய்ந்தபடி ஏறிய தொட்டில், அதே மாதிரி கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து தரைக்கு வந்தது. குழந்தையின் பாவாடை இடுப்புப் பட்டியில் பாதி கிழிந்திருந்தது. மீதிப் பாதிதான் அதைத் தாங்கியிருக்கிறது.

அய்யாவை யாரும் அடிக்கவில்லை. அடித்திருந்தால் அவருக்குத் தேவலாம் போல இருந்திருக்கும். கூட்டம் விலகிப் போனது. அவர் சம்மட்டியால் தட்டி அந்த ஆணியை உருவினார். அது நாய் கடித்த எலும்பு மாதிரி இருந்தது. ஒரு கட்டி மை முழுவதையும் உரித்து அதன் மேல் தேய்த்தார், தேய்த்துக்கொண்டே இருந்தார். அம்மா போய் அவர் கையிலிருந்து அதை வாங்கிக்கொண்டாள். அதற்குப் பின் போட்ட திருவிழாக்களில் ஒவ்வொரு சுற்றுக்கும் முன்னால் நான்கு ஆணிகளையும் விரலால் தொட்டுப் பார்ப்பார். ராட்டினம் சத்தமில்லாமல் சுற்றியது. ஏறுகிறவர்கள் குறைந்துகொண்டே வந்தார்கள். ஒரு வருஷம் சட்டங்கள் செங்கல் சூளைக்கு விறகாகப் போயின.

இப்போது திருவிழாக்களில் இரும்பு ராட்டினம், மோட்டார், கலர் விளக்கு. மை காய்ச்ச வேண்டியதில்லை, டப்பாவைத் திறந்தால் கிரீஸ் மஞ்சளாகச் சிரிக்கிறது. ஒலிபெருக்கி போடுகிற சத்தத்தில் எந்த ஆணி கத்துகிறது, எது நின்றுவிட்டது என்று கடவுளுக்கும் கேட்காது. என் பேரப் பிள்ளைகள் ஏறும்போது நான் கீழே நின்று, வாயைத் திறந்துகொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருப்பேன். பார்க்கிறவர்கள் தாத்தாவுக்குக் காது மந்தம் என்று நினைத்துக்கொள்கிறார்கள். நினைக்கட்டும்.

அன்றைக்கு மூன்றாம் தொட்டிலிலிருந்து இறங்கியதும் என்னைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார்கள். பையன் கத்தியதால்தான் எல்லோரும் பிழைத்தார்கள் என்று யாரோ ஒருவர் சொல்ல, ஒரு கடைக்காரர் கையில் மிட்டாய்கூடக் கொடுத்தார். அதைச் சப்பிக்கொண்டு நான் அந்த அக்காவின் எதிரில் போய் நின்றேன், அவளும் ஏதாவது நல்லதாகச் சொல்வாள் என்று. அவள் குழந்தையைத் தோளில் போட்டு முதுகைத் தட்டிக்கொண்டிருந்தாள். அய்யாவை அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்தாள்.

"மேல போயி அந்தக் கத்துக் கத்துனியே, அதை நான் ஏறுறதுக்கு முந்தி எங்காதுல சொல்லியிருந்தா ஒன் வாயி வெந்தா போயிருக்கும்?" என்றாள்.