மாத்திரைக்கு மூன்று மாதத் தவணை

சர்க்கரை இருக்கிறது என்று சொன்னதற்கு எனக்குக் கோபம் வரவில்லை. சொன்ன விதத்துக்குத்தான் வந்தது. கோவில்பட்டியில் அந்த டாக்டரம்மாவுக்கு எதிரே உட்கார்ந்திருந்தது நான். ஊசி குத்தி ரத்தம் எடுத்தது என் கையில். சீட்டைப் பார்த்துவிட்டு அவர் பேசியதோ எனக்குப் பின்னால் நின்ற என் மகனிடம்.

“அம்மாவுக்குச் சுகர் வந்திருக்கு. ரொம்ப அதிகம்னு சொல்ல முடியாது. மாத்திரை இப்பவே ஆரம்பிக்கலாம். இல்லன்னா மூணு மாசம் சாப்பாட்டக் குறைச்சு, நடந்து பாத்துட்டு ஆரம்பிக்கலாம். என்ன சொல்றீங்க?”

அவன் என் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை. “இப்பவே எழுதிருங்க மேடம். அவிய சொன்னா கேக்க மாட்டாவ” என்றான்.

வீட்டுக்காரர் போன பிறகு நாலு ஏக்கர் கரிசலை நான்தான் விதைத்து எடுக்கிறேன். எந்த மழைக்கு விதைக்கலாம், எந்த மழையை நம்பக்கூடாது என்று ஊரில் ஆம்பிளைகளே என்னிடம் வந்து கேட்டுப் போவார்கள். என் வாயில் போடுகிற மாத்திரையை எப்போது போடுவது என்று மட்டும் என்னிடம் கேட்க ஆள் இல்லை.

“மூணு மாசம்” என்றேன். “உளுந்து பறிச்சு முடியட்டும். அதுக்குள்ள நான் குறைச்சுக் காட்டுதேன்.”

டாக்டரம்மா மூன்று மாதம் கழித்து ஒரு தேதி குறித்துக் கொடுத்தார். நான் கோபத்தில் சொன்னதுதான். ஆனால் பயமும் இருந்தது. அதை மறைக்க முடியாது. என்னோடு களையெடுக்க வருகிறவள் ஒருத்தி, எனக்கு மதினி முறை. “மாத்திரையத் தொட்டுட்டா விட முடியாது மதினி. எங்க அண்ணன் தொட்டாவ, பொறவு ஊசி, பொறவு காலு போச்சு” என்று சொல்லியிருந்தாள். கால் போனது மாத்திரை போட்டதாலா, ஒழுங்காகப் போடாததாலா என்று நான் அவளிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

வீட்டில் மருமகள் எனக்குச் சோற்றைக் கரண்டியால் அளந்து வைத்தாள். என் காட்டில் விளைந்ததை எனக்கே அளந்து போடுகிறாள். பல்லைக் கடித்துக்கொண்டு சாப்பிட்டேன். சாயங்காலம் நடக்கச் சொன்னார்கள். காட்டுக்கும் வீட்டுக்குமாகக் காலம் பூராவும் நடந்தவளை நடக்கச் சொன்னால் கோபம் வருமா வராதா? ஒன்றை மட்டும் நான் விடவில்லை. கருப்பட்டிக் காப்பி. காட்டுக்குப் போகும்போது தூக்குச் சட்டியில் கொண்டுபோவேன்.

“கருப்பட்டியும் இனிப்புதான அத்தை” என்றாள் மருமகள்.

“ஏட்டி, அது பனையில இறங்குதது. சீனி ஆலையில காய்ச்சுதது. ரெண்டும் ஒண்ணா?”

“ஒடம்புக்கு ரெண்டும் ஒண்ணுதான்னு நர்சம்மா சொன்னாவ.”

“அந்த நர்சம்மாவ வந்து களையெடுக்கச் சொல்லு. பொறவு பேசுவோம்.”

தூக்குச் சட்டியை எடுத்துக்கொண்டு காட்டுக்குக் கிளம்பினேன்.

எங்கள் பக்கம் பருத்தி விற்பதில் ஒரு பழக்கம் உண்டு. வியாபாரி வருகிற அன்றைக்கு வெள்ளை வெளேரென்ற பருத்தியை மூட்டையின் வாய்ப்பக்கம் வைப்போம். சருகு ஒட்டியதும் பூச்சி அரித்த கொட்டுப் பருத்தியும் அடியில் போய்விடும். செய்யாத வீடு கிடையாது. நானும் செய்திருக்கிறேன். டாக்டர் சொன்ன தேதிக்குப் பத்து நாள் இருக்கும்போது எனக்கு அந்தப் புத்திதான் வந்தது. பார்க்கிற அன்றைக்கு நன்றாக இருந்தால் போதும் என்று நினைத்தேன். காப்பியை நிறுத்தினேன். காலையில் அரைச் செம்பு கேப்பைக் கூழ், ராத்திரி வெறும் கீரை. உளுந்து பறிக்கும்போது கண்ணை இருட்டிக்கொண்டு வந்து, செடி வரிசைக்குள்ளேயே உட்கார்ந்துவிட்டேன். கேட்டவர்களிடம் வெயில் என்று சொன்னேன்.

கோவில்பட்டியில் முதலில் கையில் ரத்தம் எடுத்துக்கொண்டார்கள், பிறகு விரலிலும் குத்திப் பார்த்தார்கள். எழுத்து எனக்கு மெதுவாகத்தான் வரும், எண் நன்றாகவே வரும். மிஷினில் எண் இறங்கியிருந்தது.

“பாத்தியாலே? அவிய சொன்னா கேக்க மாட்டாவளா?” என்றேன் மகனிடம்.

டாக்டரம்மா இன்னொரு சீட்டை எடுத்தார். “இன்னைக்கு நல்லாத்தான் இருக்கு. ஆனா இது மூணு மாசத்துக்கும் சேத்துக் காட்டுற டெஸ்ட். இதுல முன்னவிட ஏறியிருக்கே.”

விவரம் தெரிந்த வியாபாரி மூட்டைக்குள் தோள்வரை கையை விட்டு அடிப்பருத்தியை உருவுவான். அப்போது விற்கிறவர்களுக்கு வருகிற கூச்சம்தான் எனக்கும் வந்தது. மகன் சிரித்துவிட்டான்.

“எம்மா, டாக்டரையே ஏமாத்தப் பாத்தியா?”

“ஏலே, வெளிய போய் நில்லு.”

போனான். அதன் பிறகுதான் அந்த டாக்டரம்மா முதல்முறையாக என் முகத்தைப் பார்த்துப் பேசினார். பத்து நாளாக என்ன சாப்பிட்டேன் என்று கேட்டார். கூழையும் சொன்னேன், அதற்கு முன்னால் நாளுக்கு நாலு தடவை குடித்த காப்பியையும் சொன்னேன், உட்கார்ந்துவிட்டதையும் சொன்னேன்.

அவருக்கும் கோபம் வந்தது. “இந்த வயசுல பட்டினி கெடந்து காட்டுல விழுந்திருந்தா என்ன ஆகுறது?”

“மாத்திரை வேணுமா வேண்டாமான்னு எங்கிட்ட கேட்டிருந்தா இவ்வளவு வந்திருக்காது. நீங்க எம் மகன்கிட்டதான கேட்டீக.”

எழுத எடுத்த பேனாவைக் கீழே வைத்தார். “சரி. இப்ப உங்ககிட்டயே கேக்குறேன். இன்னைக்கே ஆரம்பிக்கலாமா?”

“தொட்டா விட முடியாதாமே? பொறவு காலு போயிருமாமே?”

“நிறைய பேருக்கு ரொம்ப நாள் போட வேண்டியிருக்கும். நல்லாக் குறைஞ்சா மாத்திரையையும் குறைக்கலாம், அதப் பாத்துத்தான் சொல்ல முடியும். ஆனா கால் போறது மாத்திரையால இல்லம்மா. சர்க்கரையக் கவனிக்காம விட்டாத்தான் போகும்.”

இன்னொரு மூன்று மாதம் கேட்டால் அவர் கொடுத்திருக்கவும் கூடும். அந்த மூன்று மாதத்தை வைத்து நான் என்ன செய்வேன் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவர் யார்? அதை நினைக்கத்தான் எனக்கு எல்லாரையும்விட என்மேல் கோபம் வந்தது.

“எழுதுங்க” என்றேன்.

மருந்துக் கடையில் மகன் கையை நீட்டினான். நான் முந்திக்கொண்டு வாங்கினேன். காலையில் ஒன்று, சாப்பாட்டோடு. கடைக்காரரிடம் இரண்டு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டுக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் மருமகள், “அங்கன அலமாரியில வைக்கேன், தினமும் எடுத்துத் தாரேன் அத்தை” என்றாள். கொடுக்கவில்லை. என் சேலை மடித்து வைக்கிற பெட்டியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் காலையில் இட்லி தின்றுகொண்டே மாத்திரையைப் போட்டுத் தண்ணீர் குடித்தேன். மகன் பல் விளக்கிக்கொண்டே வந்து நின்றான்.

“எம்மா, மாத்திரை போட்டியா?”

“போட்டாச்சு. நாளையிலருந்து கேக்காத. மறந்தா நானே சொல்லுதேன்.”