படகில் எனக்கு இடம் தராதவர்

மலையாற்றில் துடுப்புப் போடக் கூட்டிப்போகும் வழிகாட்டி ஒருவரை நானும் மனைவியும் ஸ்ரீரங்கத்தில் ஒரு காபிக் கடையில் சந்தித்தோம். வெயிலில் கறுத்த முகம். பேசும்போது முகத்தைப் பார்க்காமல் எங்கள் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்கு அது பிடிக்கவில்லை. லைசென்ஸ் இருக்கிறதா, எப்போதாவது படகு கவிழ்ந்திருக்கிறதா என்று துருவித் துருவிக் கேட்டேன்.

“கவிழ்ந்திருக்கு சார்,” என்றார். பிறகு, “மேடம் வரட்டும். நீங்க வேணாம்.”

“ஏன்?”

“நான் குனியச் சொன்னா நீங்க இப்படித்தான் ஏன்னு கேப்பீங்க. அதுக்குள்ள பாறை வந்துடும்.”

மனைவி சிரித்துவிட்டாள். தோழிகளோடு போய், நல்லபடியாகத் திரும்பியும் வந்தாள். அந்த மனிதர் என்னைச் சரியாகத்தான் எடைபோட்டாரா, கேள்வி கேட்டதற்காகக் கழற்றிவிட்டாரா என்பது மட்டும் இன்றுவரை எனக்கு விளங்கவில்லை.